நாலில் ஒன்று: பட்டாணித் தோட்டத்துக் கணக்கு நம் வீடுகளுக்கு வந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் உள்ளவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

சென்ற தவணையில் சாதாரண தர வகுப்புக்குத் தலைமுறையுரிமை பாடம் எடுத்தோம். வழமை போல பலகையில் பனற் சதுரம் கீறி, நாலு கட்டத்தில் ஒன்றை நிறம் தீட்டி, "நாலில் ஒன்று" என்று எழுதி முடித்தோம். மணி அடித்து எல்லோரும் வெளியே போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் நின்றாள்.

"சேர், எங்கட தம்பிக்கு தலசீமியா. உம்மாக்கு இப்ப அஞ்சு மாசம். நாலுல ஒண்டுதானே? தம்பிக்கு வந்துட்டுது. இனி வாற புள்ளைக்கு வராதுதானே, சேர்?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவள் பிழையாக விளங்கவில்லை. நாம்தான் அப்படிப் படிப்பித்திருக்கிறோம். நாலு கட்டம் கீறினால் பிள்ளைகள் அதை நாலு பிள்ளைகள் என்றுதான் பார்க்கும். ஒரு கட்டம் நிறைந்துவிட்டது, மிச்ச மூன்றும் சுகம். இத்தனை வருடமாக இந்தப் பாடத்துக்கு முழுப்புள்ளி போட்டிருக்கிறோம், இப்படி ஒரு விளக்கத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே.

அடுத்த பாடவேளைக்கு எல்லோரையும் ஆளுக்கு இரண்டு நாணயம் கொண்டுவரச் சொன்னோம். ஒன்று உம்மா, ஒன்று வாப்பா. இலக்கம் விழுந்தால் பழுதான பரம்பரையலகு, மற்றப் பக்கம் விழுந்தால் நல்லது. இரண்டிலும் இலக்கம் விழுந்தால் பிள்ளைக்கு நோய். ஒவ்வொருவரும் நாலு தடவை சுண்ட வேண்டும். அதுதான் அவர்களுடைய குடும்பம். ஒரு பையனின் "வீட்டில்" மூன்று பேருக்கு நோய். பின் வாங்கில் இருந்த பலருக்கு ஒருவருக்கும் இல்லை. "சேர், நம்மட நாணயம் சரியில்ல" என்று ஒருவன் சொன்னான். நாணயம் சரிதான். கணக்குப்படி, இப்படிப்பட்ட பெற்றோருக்கு நாலு பிள்ளைகள் பிறந்தால் சரியாக ஒரு பிள்ளைக்கு நோய் வரும் குடும்பங்கள் 100க்கு 42 மட்டுமே. 32 குடும்பங்களில் யாருக்கும் வராது. மிச்சம் 26 குடும்பங்களில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ வரும். நாணயத்துக்கு முந்திய சுண்டல் ஞாபகம் இருப்பதில்லை. கர்ப்பத்துக்கும் அப்படித்தான்.

இந்த நாணயக் கணக்கை உயிர்களுக்குள் முதலில் கண்ட மனிதர் ஒரு ஆசிரியர். அதிலும் ஆசிரியர் தகுதிப் பரீட்சையில் தேறாத ஆசிரியர். கிரகர் மெண்டல், 1822இல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்கக் காசில்லாமல் 1843இல் பிர்னோ நகரத்து மடத்தில் சேர்ந்தார். பதிலாசிரியராக வேலை செய்துகொண்டே 1850இல் நிரந்தர ஆசிரியருக்கான பரீட்சை எழுதினார், தேறவில்லை. 1856இல் திரும்பவும் போனார், அதுவும் கைகூடவில்லை. கடைசி வரை பதிலாசிரியர்தான். நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் நம் சகபாடிகள் இதை வாசித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஆனால் அந்த முதல் தோல்வி அவரை ஒரு நல்ல இடத்துக்குத் தள்ளிவிட்டது. மடம் அவரை 1851இல் வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே பௌதிகம் படிப்பித்தவர்களில் ஒருவர் டொப்ளர். ஒலியின் டொப்ளர் விளைவு என்று நாம் படிக்கிறோமே, அவரேதான். இன்னொருவர் சேர்மானக் கணக்குகள் பற்றிப் புத்தகம் எழுதிய எற்றிங்ஸ்ஹௌசன். தாவரங்களைக் கலப்புச் செய்து பார்த்தவர்கள் மெண்டலுக்கு முன்னரும் இருந்தார்கள். அவர்கள் "சிலது தாயைப் போல, சிலது தகப்பனைப் போல" என்று விவரித்து எழுதினார்கள். மெண்டல் எண்ணினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

1856 முதல் 1863 வரை எட்டு வருடம். பட்டாணிச் செடிகள் ஏறக்குறைய 28,000. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் எங்கோ மறைந்துவிட்டது. அந்தக் கலப்புச் செடிகள் 253இலிருந்து அடுத்த தலைமுறை விதைகளை எடுத்து எண்ணினார்: 7,324 விதைகள். அதில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். விதையின் நிறத்துக்கு 8,023 விதைகள்: மஞ்சள் 6,022, பச்சை 2,001. இரண்டிலும் மூன்றுக்கு ஒன்று.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. மெண்டல் தன் கட்டுரையில் மொத்தத்தை மட்டும் எழுதவில்லை, தனித்தனிச் செடிகள் எப்படி விலகிப்போயின என்பதையும் எழுதினார். ஒரு செடியில் 43 உருண்டை, சுருக்கம் 2 மட்டும். இன்னொரு செடியில் 14 உருண்டை, 15 சுருக்கம். இன்னொன்றில் 32 மஞ்சளுக்கு ஒரே ஒரு பச்சை. ஒரு செடியை மட்டும் பார்த்தவருக்கு மூன்றுக்கு ஒன்று என்ற விதி கண்ணில் படவே படாது. ஆயிரக்கணக்கில் கூட்டும்போதுதான் விதி வெளியே வருகிறது. நம் வீடுகள் அந்தத் தனிச் செடிகள். மூன்று பிள்ளை, நாலு பிள்ளை. வீட்டுக்குள் நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும்தான்.

அடுத்ததாக அவர் செய்ததுதான் நமக்கு மிக முக்கியம். உருண்டையாக வந்த விதைகளில் 565 செடிகளை வளர்த்து, அவை என்ன விதை தருகின்றன என்று பார்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. அதாவது வெளியில் ஒரே மாதிரி உருண்டையாக இருந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, சுருக்கத்தை உள்ளே மறைத்து வைத்திருந்தன. இந்த மூன்றில் இரண்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1865 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பிர்னோ இயற்கை அறிவியல் சங்கத்தில் இதை வாசித்தார். அடுத்த வருடம் அச்சில் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் மடத்தின் தலைவராகக் காலமானார். 1900இல் மூன்று பேர் வெவ்வேறு நாடுகளில் இதே விதியைக் கண்டு, பழைய கட்டுரையைத் தூசு தட்டினார்கள். (மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என்று 1936இல் புள்ளிவிவரவியலாளர் ஃபிஷர் எழுதியதில் தொடங்கிய சர்ச்சை வேறு கதை. விதி சரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.)

பட்டாணியிலிருந்து மனிதனுக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. லண்டனில் ஆச்சிபோல்ட் கரொட் என்ற மருத்துவர், சில குழந்தைகளின் சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுப்பாகும் ஓர் அரிய நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பல இடங்களில் சொந்த மச்சான், மச்சினி முறை. தாய் தகப்பனுக்கோ ஒரு நோயுமில்லை. இது மெண்டல் சொன்ன பின்னிடைவான இயல்பு போல் இருக்கிறதே என்று உயிரியலாளர் பேற்சன் எடுத்துச் சொன்னார். 1902இல் கரொட் அதை வெளியிட்டார்.

சொந்தத்துக்குள் கலியாணம் என்றதும் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு "நாங்க அப்பவே சொன்னோம்" என்று வரும். இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் பார்ப்போம். ஒருவரிடம் மறைந்திருக்கும் ஒரு பரம்பரையலகு, அவருடைய சொந்த மாமி மகளிடமும் அதே வழியால் வந்திருக்கும் நிகழ்தகவு 8இல் 1. அப்படியானால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் நிகழ்தகவு எட்டில் ஒன்றின் நாலில் ஒன்று, 32இல் 1. ஊரில் 40 பேரில் ஒருவர் காவி என்று வைத்துக்கொண்டால், அவர் அந்நியத்தில் கட்டும்போது 160இல் 1. சொந்தத்தில் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனால் காவிகள் மிக அதிகமாக உள்ள இடத்தில் அந்நியத்தில் கட்டுவதும் காப்பாற்றாது. ஏழு பேரில் ஒருவர் காவியாக இருக்கும் நாட்டில், தெருவில் போகும் அந்நியர் காவியாக இருக்கும் வாய்ப்பு இந்த எட்டில் ஒன்றைவிடக் கூட. அப்படி ஒரு நாடு இருக்கிறது, கொஞ்சத்தில் வருவோம்.

அதற்கு முன் 1908. ஆட்சியுடைய இயல்பு மூன்றுக்கு ஒன்று என்று வெல்லுமென்றால், காலப்போக்கில் ஊர் முழுவதும் அதுவே பரவ வேண்டாமா, பின்னிடைவானது அருகிப்போக வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. கேம்பிறிட்ஜில் இருந்த பனற்றுக்கு (நாம் கீறும் சதுரம் அவருடையது) பதில் தெரியவில்லை. தன்னோடு கிரிக்கெட் விளையாடும் கணித மேதை ஹாடியிடம் கேட்டார். எந்தப் பயனும் இல்லாத தூய கணிதத்தைத்தான் ஹாடி பெரிதாக மதிப்பவர். இதையெல்லாம் போய் எழுத வேண்டுமா என்று கூச்சப்படுவது போன்ற தொனியில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். சாரம்: தெரிவோ இடப்பெயர்வோ இல்லாமல் கலியாணம் தற்செயலாக நடந்தால், மறைந்திருப்பது மறைந்தபடியே அதே விகிதத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். அதே வருடம் ஜேர்மனியில் வைன்பேர்க் என்ற மருத்துவரும் தனியாக இதையே சொல்லியிருந்தார். "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே" என்று சொல்வது ஏன் உத்தரவாதமாகாது என்பதற்கு இந்தக் கடிதம்தான் பதில்.

இனி தலசீமியா. 1925இல் அமெரிக்காவின் டிட்ரொய்ற்றில் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்தச் சோகையை அடையாளங் கண்டார். குழந்தைகள் மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அதனால் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. பெற்றோர் இருவரும் காவி, பிள்ளைக்கு நோய் என்பது 1940கள் அளவில் தெளிவானது. ஏன் சில நாடுகளில் மட்டும் இவ்வளவு? மலேரியா, என்று 1949இல் ஹோல்டேன் ஊகித்தார். காவியாக இருப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஆகவே மலேரியா ஆண்ட இடங்களில் இந்தப் பரம்பரையலகு பெருகியது. நம் நாட்டின் மலேரியாப் பிரதேசங்களை வரைபடத்தில் பாருங்கள், பிறகு தலசீமியா நோயாளர் அதிகமாக உள்ள வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களைப் பாருங்கள். தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருப்பது தற்செயல் அல்ல.

சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் காவி. நுளம்போடு போராடி 1940களின் இறுதியில் அந்தத் தீவிலிருந்து மலேரியாவை ஒழித்த இயக்கத்தை நடத்தியவர் மெஹ்மத் அஸீஸ் என்ற துருக்கிய சைப்பிரஸ் சுகாதார அதிகாரி. மலேரியா போனது, அது விட்டுச்சென்ற பரம்பரையலகு போகவில்லை. முன்னர் மலேரியாவில் கவனிக்கப்படாமல் இறந்துகொண்டிருந்த தலசீமியாக் குழந்தைகள் இப்போது கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள். கணக்கைப் போடுங்கள்: ஏழில் ஒன்றை ஏழில் ஒன்றால் பெருக்கினால் 49 சோடிகளில் ஒரு சோடி. அதில் நாலில் ஒன்று, ஏறத்தாழ 200 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை. ஒவ்வொரு குழந்தைக்கும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம், அந்த இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்து. இப்படியே போனால் இரத்த வங்கியும் சுகாதார வரவுசெலவும் தாங்காது என்று 1970களில் அந்நாட்டு மருத்துவர்கள் கண்டார்கள்.

அவர்கள் பாடம் கற்க அருகிலேயே ஒரு தோல்வி இருந்தது. கிரேக்கத்தில் ஒர்கொமெனோஸ் என்ற ஊரில் வேறொரு குருதி நோய், அரிவாட்கலச் சோகை, பரவலாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஊர் முழுவதையும் பரிசோதித்து, யார் காவி என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி, காவி காவியைக் கட்ட வேண்டாம் என்று புத்தியும் சொன்னார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், காவியும் காவியும் கட்டிய கலியாணங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் எத்தனை நடந்திருக்குமோ ஏறக்குறைய அத்தனை. காரணம், காவி என்று தெரிந்த குமர்களுக்கு ஊரில் கண் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்தார்கள். இரண்டு பக்கமும் மறைத்தால் நாணயம் வழமை போல விழும்.

சைப்பிரஸ் வேறு மாதிரிச் செய்தது. பாடசாலையில் படிப்பித்தார்கள். 1980களின் தொடக்கத்தில், தீவின் துருக்கிய முஸ்லிம் பகுதியில் திருமணத்துக்கு முந்திய பரிசோதனை சட்டமானது. கிரேக்கப் பகுதியில் தேவாலயம் சான்றிதழ் கேட்டது. அந்தச் சான்றிதழில் இருவரும் பரிசோதிக்கப்பட்டு ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டுமே இருக்கும். முடிவு என்ன என்று இருக்காது. அது அவர்கள் இருவருக்கும் மட்டும் சொந்தம். சில வருடங்களிலேயே புதிதாக நோயுடன் பிறக்கும் குழந்தைகள் மிகச் சொற்பமாயினர்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சைப்பிரஸில் இருவரும் காவி என்று தெரிந்த பிறகும் பெரும்பாலானோர் கலியாணத்தை முறிக்கவில்லை. கட்டிக்கொண்டு, கர்ப்பத்திலேயே குழந்தையைப் பரிசோதித்து, நோய் இருந்தால் கலைத்தார்கள். நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி அதற்கு இடமளிப்பதில்லை. மார்க்க நிலைப்பாட்டை உலமாக்கள் பேசட்டும். நமக்குச் சொல்ல வருவது இதுதான்: அந்த வழி நமக்கு இல்லாதபோது, நாணயம் சுண்டுவதற்கு முன்னமே தெரிந்துகொள்வதுதான் மிஞ்சுகிறது. நிகாஹ் பேச முன், மஹர் பேச முன், மண்டபம் பதிய முன். ஒரு சாதாரண எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனையில் தொடங்கும். சந்தேகம் இருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவர் காவி, மற்றவர் காவி இல்லை என்றால் பயப்பட எதுவுமில்லை. பிள்ளைகள் காவியாகலாம், நோய் வராது.

இன்னொன்றும் உண்டு. இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் நம் ஊர்களில் விரல் முதலில் நீளுவது மருமகளை நோக்கி. "எங்கட பக்கம் இப்பிடி ஒண்டும் இல்ல." புகாரியில் வரும் ஒரு சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். தன் மனைவி கறுத்த நிறத்தில் குழந்தை பெற்றாள் என்று சந்தேகத்தோடு வந்த நாட்டுப்புற அரபியிடம் நபிகளார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவருடைய சிவப்பு ஒட்டகங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றுள் சாம்பல் நிறம் உண்டா, அது எங்கிருந்து வந்தது என்று. ஏதாவது மூதாதை வழி இழுத்திருக்கும் என்கிறார் அவர். உன் மகனிலும் அப்படி இருக்கலாமே என்று விளங்கவைக்கிறார்கள். இதில் மெண்டலைத் தேடி எடுத்து "அன்றே சொல்லப்பட்டது" என்று பதிவு போடும் வேலை நமக்கு வேண்டாம். சம்பவத்தின் நோக்கம் அதுவல்ல. ஒரு பெண்ணின் மேல் விழ இருந்த பழி அங்கே தடுக்கப்பட்டது. தலசீமியாவிலும் இரண்டு நாணயமும் விழ வேண்டும். அரைக்கு அரை. ஒரு பக்கத்தால் மட்டும் அந்த நோய் வரவே முடியாது.

அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொன்னோம். இனி வரும் குழந்தைக்கும் அதே நாலில் ஒன்றுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நாலில் மூன்று நன்மைப் பக்கம் இருக்கிறது என்று. உம்மாவுக்கு இப்போது பிள்ளை கிடைத்துவிட்டது. தலசீமியா பிறந்த கையோடு அறிகுறி காட்டுவதில்லை, சில மாதம் போகும். பரிசோதனைக்குத் திகதி குடுத்திருக்கிறார்கள். துஆச் செய்யுங்கள்.

போன கிழமை அவள் திரும்பவும் கடைசியாக நின்றாள். "அப்ப எனக்கு, சேர்?" என்றாள். கொப்பியைத் தந்து நீயே கீறு என்றோம். சதுரம் கீறினாள். ½ என்று எழுதினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, தனக்கு நோய் இல்லை என்பதால் அந்த ஒரு கட்டத்தை வெட்டினாள். மிச்சம் மூன்று கட்டம். அதில் இரண்டு. ½ ஐ அடித்துவிட்டு ⅔ என்று எழுதினாள். பிர்னோவில் 565 உருண்டைச் செடிகளை வளர்த்த அந்தப் பதிலாசிரியர் எண்ணிக் கண்ட அதே எண்.

இரத்தம் குடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு வந்துவிட்டது, நமக்கும் சொன்னாள். அது அவளுடையது. இங்கே எழுத மாட்டோம்.